ராமானுஜன் எழுதிய வேலை விண்ணப்பம்... போளூர் பட்டதாரிக்கு என்ன கற்றுத்தருகிறது?

கொடைக்கானலில் ஏப்ரல், மே என்றால் சீசன். விடுதிகளும் உணவகங்களும் கடைகளும் அதற்கு முன்பே ஆள் தேடத் தொடங்கிவிடும். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, போளூர், கிளாவரை என்று மேல்மலை கிராமங்களில் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதுதான் வேலை தேடும் காலம். கேரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் விளையும் ஊரில் வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால், விலை விழுந்த வருடத்தில் மாதாமாதம் ஒரு சம்பளம் வந்தால்தான் வீட்டுக் கடன் கொஞ்சமாவது அடையும்.

நகரத்தில் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. கடை வாசலில் 'ஆள் தேவை' என்று பார்த்தால், அப்படியே உள்ளே போய்க் கேட்டுவிடலாம். போளூரில் இருப்பவருக்குக் கொடைக்கானல் போய்த் திரும்பினாலே ஒரு நாள் போய்விடும். மழைக்காலத்தில் மரம் விழுந்தால் அந்த நாளும் கணக்கில்லை. அவருக்கு முன்னால் அவர் அனுப்பும் கடிதம்தான் மேலாளரின் மேஜைக்குப் போகிறது. அது சரியாகப் பேசாவிட்டால், எழுதியவரை நேரில் பார்க்க யாரும் கூப்பிடப்போவதில்லை.

மனு வேறு... விண்ணப்பம் வேறு!

தமிழ்நாட்டில் பெரும்பாலோர் கடிதம் எழுதக் கற்றுக்கொள்வது இரண்டு வகையில்தான். ஒன்று, பள்ளிக்கூடத்து விடுப்புக் கடிதம். இன்னொன்று, அரசு அலுவலகத்துக்குக் கொடுக்கும் மனு. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு எழுதும் மனுவில், கஷ்டத்தை முதலில் சொல்வதுதான் முறை. குடிநீர் வரவில்லை, பட்டா கிடைக்கவில்லை, ஆகவே ஆவன செய்ய வேண்டும் என்று கேட்பார்கள். அங்கே அது சரி. கேட்பவருக்கு உரிமை இருக்கிறது. கொடுக்க வேண்டியவர்களுக்குக் கடமை இருக்கிறது.

அதே பாணி அப்படியே வேலை விண்ணப்பத்துக்கும் வந்துவிடுகிறது. 'நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன். எங்கள் குடும்பம் மிகவும் ஏழ்மையானது. எனக்குக் கீழே இரண்டு பேர் படிக்கிறார்கள். ஆகவே, ஐயா அவர்கள் கருணைகூர்ந்து எனக்கு ஏதேனும் ஒரு வேலை தந்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதுகிறார்கள்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால், படிக்கும் மேலாளருக்குத் தெரிய வேண்டியதும் எதுவும் இல்லை. எழுதியவர் கணக்கு எழுதுவாரா, கணினி இயக்குவாரா, விருந்தினரிடம் முகம் சுளிக்காமல் பேசுவாரா? பதில் கிடையாது. 'ஏதேனும் ஒரு வேலை' என்று கேட்டவருக்கு எந்த வேலை பொருந்தும் என்று யோசிக்கும் பொறுப்பையும் மேலாளர் தலையிலேயே கட்டியாகிவிட்டது. அவருக்கு அதற்கு நேரம் இருக்காது. அடுத்த கடிதத்தை எடுத்துவிடுவார்.

மனுவில் தன் தேவையைச் சொல்ல வேண்டும். வேலை விண்ணப்பத்திலோ, எதிரில் இருப்பவரின் தேவைக்குத் தான் எப்படிப் பயன்படுவேன் என்று சொல்ல வேண்டும். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பாதிக் கடிதம் எழுதி முடித்த மாதிரிதான்.

திருவல்லிக்கேணியிலிருந்து போன கடிதம்

இதற்கு ஒரு நல்ல உதாரணம் சென்னைத் துறைமுகத்துக்குப் போன ஒரு கடிதம். தேதி, 1912 பிப்ரவரி 9. எழுதியவர் திருவல்லிக்கேணியில் தங்கியிருந்த 24 வயது இளைஞர். பெயர், சீனிவாச ராமானுஜன்.

அன்றைக்கு அவர் உலகம் அறிந்த கணித மேதை இல்லை. கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கோட்டைவிட்டதால், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், எஃப்.ஏ. என்ற இடைநிலைத் தேர்வில் தேறாதவர். 1909-ல் திருமணமும் ஆகிவிட்டது. நிரந்தர வருமானம் இல்லை. அக்கவுன்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் மாதம் 20 ரூபாய்க்குச் சில நாள் தற்காலிக வேலை பார்த்திருந்தார். கஷ்டத்தை எழுத உட்கார்ந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருக்கலாம்.

அவர் எழுதியதோ ஐந்தாறு வாக்கியங்கள். துறைமுக அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா பணியிடம் காலியாக இருப்பதை அறிந்து அதற்கு விண்ணப்பிப்பதாகத் தொடங்குகிறார். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்ததையும் சொல்கிறார். சில எதிர்பாராத சூழ்நிலைகளால் மேற்கொண்டு படிக்க முடியவில்லை என்று அந்த விஷயத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்கிறார். ஆனாலும், தன் நேரம் முழுவதையும் கணிதத்துக்கே செலவிட்டு வருவதாகத் தெரிவிக்கிறார். வேலை கிடைத்தால் அதைச் செம்மையாகச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை தனக்கு இருப்பதாகச் சொல்லி, பணியைக் கேட்டு முடிக்கிறார். அந்தக் காலத்துப் பணிவு நடை கடிதத்தில் உண்டு. ஆனால், வறுமையைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

அதோடு, மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த பரிந்துரையும் அவரிடம் இருந்தது. கணிதத்தில் இவர் அசாதாரணத் திறமை கொண்டவர் என்பது அதன் சாரம். 1912 மார்ச் 1-ல் ராமானுஜன் வேலையில் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

கடிதம் மட்டுமே வேலையை வாங்கித் தந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். ராமானுஜனின் மதிப்பு அவருக்குப் புரிந்திருந்தது. கடிதம், பரிந்துரை, திறமையை அறிந்த ஒருவர் என மூன்றும் சேர்ந்தே கதவைத் திறந்தன. இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை.

ஆளுக்கு ஏற்ற கடிதம்

துறைமுக வேலையில் இருந்தபடியே, 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜி.ஹெச்.ஹார்டிக்கு ராமானுஜன் எழுதிய கடிதம்தான் உலகப் புகழ் பெற்றது. அது வேலை கேட்டு எழுதியதல்ல. தன் கணிதத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லவும், பிரசுரிக்க உதவவும் கேட்டு எழுதியது. தான் ஒரு குமாஸ்தா, சம்பளம் குறைவு, பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதை அதிலும் மறைக்கவில்லை. அதோடு பக்கம் பக்கமாகத் தேற்றங்களை இணைத்து அனுப்பினார்.

ஒரே ஆள்தான். துறைமுக அதிகாரிக்கு அரைப் பக்கம். ஹார்டிக்குக் கத்தைக் காகிதம். துறைமுகத்துக்கு வேண்டியது பிழையில்லாமல் கணக்குப் பார்க்கும் குமாஸ்தா. ஹார்டிக்கு வேண்டியது ஆதாரம். யாருக்கு எது தேவையோ அதைக் கொடுத்தார்.

இத்தாலியில் லியொனார்டோ டா வின்ச்சி, 1480-களில் மிலன் நகர ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டுத் தயாரித்த கடிதத்தின் வரைவும் இதே ரகம். எளிதில் தூக்கிச் செல்லும் பாலம், பீரங்கி, மூடிய போர் வண்டி என்று வரிசையாகத் தன் பொறியியல் திறமைகளைப் பட்டியலிட்டிருக்கிறார். ஓவியமும் சிற்பமும் வருவது கடைசியில்தான். போர்கள் சூழ்ந்த காலத்து ஆட்சியாளருக்கு எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரே கடிதத்தை 20 நகல் எடுத்து 20 இடத்துக்கு அனுப்பும் பழக்கம் பலன் தராததற்கு இதுதான் காரணம். விடுதிக்கு அனுப்பும் கடிதத்தில் முதலில் வர வேண்டியது வேறு; தனியார் பள்ளிக்கு, காய்கறி ஏற்றுமதி நிறுவனத்துக்கு, மருத்துவமனைக்கு அனுப்பும் கடிதத்தில் முதலில் வர வேண்டியது வேறு.

மேலாளரின் மனதில் ஓடும் மூன்று கேள்விகள்

விண்ணப்பத்தைக் கையில் எடுப்பவர் பொதுவாக மூன்று விஷயங்களைத் தேடுவார். இந்த வேலையை இவரால் செய்ய முடியுமா? அதற்கு என்ன சான்று? வேலைக்கு ஒழுங்காக வருவாரா?

முதல் இரண்டுக்குப் பலரும் ஏதோ ஒரு பதில் எழுதிவிடுகிறார்கள். மூன்றாவதைத் தொடுவதே இல்லை. முகவரியில் 'போளூர்' என்று பார்த்ததுமே, 'அவ்வளவு தூரத்திலிருந்து தினமும் எப்படி வருவார்?' என்ற சந்தேகம் மேலாளருக்கு வந்துவிடும். அவர் ஃபோன் போட்டுக் கேட்க மாட்டார். கடிதத்தை ஓரமாக வைத்துவிடுவார். எங்கே தங்குவது, எத்தனை மணிக்கு வர முடியும் என்பதை விண்ணப்பதாரர் தானாகவே எழுதிவிட்டால் அந்தச் சந்தேகம் எழாது.

'அனுபவம் எதுவும் இல்லை' என்று தயங்குபவர்கள் வீட்டு வேலையை ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். வடுகபட்டி சந்தைக்குப் போன பூண்டு மூட்டைகளுக்குக் கணக்கு வைத்தது அனுபவம்தான். அறுவடை நேரத்தில் பத்துப் பேருக்குக் கூலி பிரித்துக் கொடுத்தது, கிழங்கைத் தரம் பிரித்தது, சீசனில் உறவினரின் அறைகளுக்கு வந்த ஃபோன்களை எடுத்துப் பேசியது எல்லாமே அனுபவம்தான். சம்பளம் வாங்காமல் செய்ததால் அவை வேலை இல்லை என்று ஆகிவிடாது. எத்தனை நாள், எத்தனை பேர், என்ன செய்தார் என்று குறிப்பாக எழுத வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு மாதிரிக் கடிதம்

போளூரில் பி.காம். படித்த ஒரு பெண், கொடைக்கானல் விடுதி ஒன்றுக்கு விண்ணப்பிப்பதாக வைத்துக்கொண்டால், கடிதம் இப்படி இருக்கலாம். அனுப்புநர், பெறுநர், நாள் ஆகியவை வழக்கம்போல மேலே வரும்.

*பொருள்: வரவேற்பு மற்றும் கணக்கு உதவியாளர் பணிக்கு விண்ணப்பம்.*

*மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, வணக்கம்.*

*உங்கள் விடுதியில் வரவேற்புக்கும் கணக்குக்கும் சேர்த்து ஓர் உதவியாளர் தேவை என்று வாசலில் வைத்திருந்த அறிவிப்பைப் பார்த்தேன். அந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறேன்.*

*பி.காம். படித்திருக்கிறேன். எங்கள் வீட்டு கேரட், கிழங்கு விற்பனைக் கணக்கை மூன்று வருடங்களாக நான்தான் எழுதுகிறேன். மூட்டை எண்ணிக்கை, லாரி வாடகை, கமிஷன் கடை பில், கூலி எல்லாவற்றையும் எக்ஸெல்லில் பதிந்து, மாதக் கடைசியில் வரவு செலவை ஒரே தாளில் தயாரிப்பேன். போன சீசனில் உறவினரின் ஹோம் ஸ்டேயில் 20 நாள்கள் அறைப் பதிவு ஃபோன்களைக் கவனித்தேன். தமிழும் மலையாளமும் பேசுவேன். விருந்தினர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வேன்.*

*பட்டப்படிப்பில் ஒரு பாடம் அரியர் இருக்கிறது. வரும் நவம்பரில் எழுதுகிறேன். தேர்வு நாளன்று மட்டும் விடுப்பு தேவைப்படும்.*

*நாயுடுபுரத்தில் உள்ள என் அத்தை வீட்டில் தங்கி வேலைக்கு வருவேன். காலை 7 மணி ஷிஃப்ட்டுக்கும் வர முடியும். நேர்காணலுக்கு அழைத்தால், ஒரு நாள் முன்னதாகத் தகவல் சொன்னால் போதும்.*

*இணைப்பு: பயோடேட்டா, மதிப்பெண் சான்றிதழ் நகல், நான் தயாரித்த ஒரு மாதக் கணக்கின் நகல்.*

*இப்படிக்கு...*

இந்தக் கடிதத்தில் பெரிய வார்த்தைகள் இல்லை. 'கடின உழைப்பாளி', 'நேர்மையானவள்' என்ற சுய சான்றிதழ்களும் இல்லை. மூன்று வருடக் கணக்கு என்ற ஒரு விஷயமே அதைச் சொல்லிவிடுகிறது. இணைத்திருக்கும் அந்த ஒரு தாள் கணக்கு, ஹார்டிக்குப் போன தேற்றங்களைப்போல, எழுதியவரின் கைவேலையை நேராகக் காட்டிவிடும்.

அரியரை மறைக்கலாமா?

கூடாது. நேர்காணலில் சான்றிதழைக் கேட்டதும் தெரிந்துவிடும். அப்போது அரியரைவிட, அதை மறைத்ததுதான் பெரிய குறையாகத் தெரியும். அதே சமயம், அதற்கு ஒரு பத்தி விளக்கமும் தேவையில்லை. தேறாததை ஒரு வரியில் சொல்லி, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதை அடுத்த வரியில் சொன்னால் போதும். ராமானுஜன் செய்ததும் அதைத்தான்.

படிப்புக்கும் வேலைக்கும் நடுவே இரண்டு, மூன்று வருடம் இடைவெளி இருந்தாலும் இதே வழிதான். குழந்தை வளர்ப்பு, அப்பாவின் உடல்நிலை, தோட்ட வேலை என்று காரணம் எதுவாக இருந்தாலும் சுருக்கமாகச் சொல்லலாம். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

தமிழிலா, ஆங்கிலத்திலா?

அறிவிப்பு எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில் எழுதுவது நல்லது. ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தால், சின்னச் சின்ன வாக்கியங்களாக, தெரிந்த வார்த்தைகளில் எழுதினால் போதும். பிரவுசிங் சென்டரில் கிடைக்கும் பழைய மாதிரிக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பது ஆபத்து. சிலர் நிறுவனத்தின் பெயரை மாற்ற மறந்தே அனுப்பிவிடுவார்கள்.

சாட்ஜிபிடி போன்ற ஏ.ஐ. கருவிகளிடம் பிழை திருத்தச் சொல்லலாம். முழுக் கடிதத்தையும் எழுதச் சொன்னால், ஊர் பேர் இல்லாத பொதுவான கடிதம் ஒன்றுதான் வரும். வடுகபட்டி சந்தைக் கணக்கு அதற்குத் தெரியாது, எழுதுபவருக்குத்தான் தெரியும்.

அரசுப் பணிகளுக்கு இந்தக் கடிதம் பெரும்பாலும் தேவைப்படாது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்கு இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். மற்ற அரசுப் பணிகளுக்கும் அறிவிப்பில் சொல்லியிருக்கும் படிவத்தைச் சொல்லியபடி நிரப்புவதே முக்கியம்.

செல்போனில் அனுப்பும்போது...

இப்போது பல சிறிய நிறுவனங்கள் வாட்ஸ்அப்பிலேயே விண்ணப்பம் கேட்கின்றன. அங்கே 'ஹாய் சார், வேலை இருக்கா?' என்று ஆரம்பிக்கக் கூடாது. பெயர், ஊர், எந்தப் பணி என்று மூன்று வரி எழுதி, கடிதத்தையும் பயோடேட்டாவையும் பி.டி.எஃப். கோப்பாக இணைக்க வேண்டும். கோப்பின் பெயரில் விண்ணப்பதாரரின் பெயரும் பணியும் இருந்தால், பத்து நாள் கழித்துத் தேடினாலும் கிடைக்கும்.

சான்றிதழ்களைப் படுக்கைமேல் வைத்துச் சாய்வாகப் படம் எடுத்து அனுப்பக் கூடாது. செல்போனில் உள்ள ஸ்கேன் வசதியைப் பயன்படுத்தலாம். இ-சேவை மையத்தில் கேட்டுப் பார்க்கலாம். மின்னஞ்சல் என்றால், பொருள் வரியில் பணியின் பெயர் கட்டாயம் வேண்டும். மேல்மலையில் சிக்னல் எல்லா இடத்திலும் ஒரேபோலக் கிடைப்பதில்லை. அதனால், தொடர்புக்கு இன்னொரு எண்ணையும் கொடுத்து, எந்த நேரத்தில் அழைத்தால் கிடைக்கும் என்று ஒரு வரி சேர்ப்பது புத்திசாலித்தனம்.

பரிந்துரைக்கு ஆசிரியர், கல்லூரித் துறைத்தலைவர், முன்பு வேலை பார்த்த இடத்தின் உரிமையாளர் என யாருடைய எண்ணைக் கொடுத்தாலும், முன்கூட்டியே அவரிடம் சொல்லி அனுமதி வாங்கிவிட வேண்டும். திடீரென்று அழைப்பு வந்து அவர் 'யார் அது?' என்று கேட்டுவிட்டால் கதை முடிந்தது.

பணம் கேட்டால் உஷார்!

ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ஓ.டி.பி. ஆகியவற்றுக்கு விண்ணப்பக் கடிதத்தில் வேலையே இல்லை. 'வேலை உறுதி, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்று யாராவது கேட்டால், அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளலாம். பணத்தை இழந்துவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

நம்பகமான வழிகள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம். திண்டுக்கல்லில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்கள் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முகாமுக்குப் போகும்போதும், கடிதத்தின் சில பிரதிகளைக் கையில் வைத்திருப்பது நல்லது.

பதில் வராவிட்டால்?

ஒரு வாரம் பொறுத்து, ஒருமுறை ஃபோன் செய்து பணிவாகக் கேட்கலாம். தினமும் 'குட் மார்னிங்' அனுப்பக் கூடாது. கிடைக்கவில்லை என்று தெரிந்துவிட்டால், யாருக்கு, எந்தத் தேதியில், என்ன எழுதினோம் என்று ஒரு நோட்டில் குறித்துவைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் புதிதாக எழுத வேண்டும்.

ஹார்டிக்கு எழுதுவதற்கு முன்பு, கேம்பிரிட்ஜின் வேறு இரண்டு பேராசிரியர்களுக்கு ராமானுஜன் எழுதி, பலன் கிடைக்கவில்லை என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அத்தோடு அவர் பேனாவை மூடி வைத்துவிடவில்லை. மூன்றாவது ஆளுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தது. 1913 மே மாதத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உதவித்தொகையாக மாதம் 75 ரூபாய் கிடைத்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

எல்லோருக்கும் கப்பல் காத்திருக்காது. கொடைக்கானலில் ஒரு வரவேற்பு மேஜை, ஒரு பள்ளி அலுவலகம், ஒரு மருந்துக்கடைக் கணக்கு கிடைத்தாலே ஒரு வீட்டுக்குப் பெரிய விஷயம். இந்தச் சீசனுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள், வெள்ளைத் தாளை எடுத்ததும் 'ஏழ்மையான குடும்பம்' என்று தொடங்க வேண்டாம். கடந்த ஒரு வருடத்தில் தங்கள் கையால் செய்து முடித்த மூன்று வேலைகளை முதலில் எழுதிப் பார்க்கட்டும். கடிதம் அங்கிருந்து தொடங்கட்டும்.